புரட்டாசியில் பலேர்மோ: சுங்கை சிப்புட் முகவரின் சாப்பாட்டுச் சுற்றுலா எப்படி?

காசி, ராமேஸ்வரம், பழனி என்று ஆண்டு முழுக்க ஆள் அனுப்பிக்கொண்டிருக்கும் மலேசியாவின் சுங்கை சிப்புட் பயண முகவர் ஒருவர், இந்த முறை இத்தாலியின் பலேர்மோ நகருக்கு ‘சாப்பாட்டுச் சுற்றுலா’ ஒன்றைப் போட்டிருக்கிறார். போக வர 9 நாள், அதில் பலேர்மோவில் 6 இரவு, செப்டம்பர் கடைசியில் புறப்பாடு. கடையில் கொடுக்கும் பயணத் திட்டத் தாளை வரி வரியாகப் பார்த்ததில் எங்கள் தீர்ப்பு இது: ஊரும் மாதமும் அருமையான தேர்வு, விமானச் சீட்டில் ஒரு பெரிய ஓட்டை, சாப்பாட்டு நேரங்கள் அடியோடு தவறு. திருத்தச் சொல்லிக் கேட்டால் திருத்திக் கொடுக்கிறார்கள். அதனால்தான் எதைத் திருத்தச் சொல்ல வேண்டும் என்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில் மாதம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பலேர்மோ இருக்கும் சிசிலித் தீவின் வெயில் கொடியது. ஆப்பிரிக்கப் பக்கமிருந்து சிரோக்கோ காற்று அடிக்கும் நாட்களில் தெருவில் நின்று சாப்பிடவே முடியாது. ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்தோ விடுமுறை. அதைச் சுற்றிய நாட்களில் குடும்பமாக நடத்தும் சாப்பாட்டுக் கடைகள் பல அடைத்திருக்கும். செப்டம்பர் கடைசியில் சூடு தணிந்துவிடும். கத்தரிக்காயும் தக்காளியும் இன்னும் சந்தையில் இருக்கும், அத்தியும் திராட்சையும் சப்பாத்திக்கள்ளிப் பழமும் குவிந்து கிடக்கும். சாப்பிடப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாரம் அமைவது கடினம்.

ஆனால் அதுதான் புரட்டாசி. நம் பட்டணத்தில் பாதி வீடுகளில் அந்த மாதம் முழுக்கச் சைவம். தாளில் இதற்கென்று இருப்பது ஒரே வரி: ‘சைவ உணவுக்கு ஏற்பாடு செய்யப்படும்’. இந்த வரி போதவே போதாது. பலேர்மோ கடைக்காரரிடம் சைவம் என்று சொன்னால் இறைச்சித் துண்டையும் மீன் துண்டையும் தட்டில் வைக்கமாட்டார். அதோடு அவர் கடமை முடிந்தது. மாவில் பிசைந்த பன்றிக்கொழுப்பு, சாஸில் கரைந்துபோன நெத்திலி, பாலாடைக்கட்டியை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட், முட்டை, இவையெல்லாம் அவர் கணக்கில் வராது. முகவர் செய்ய வேண்டியது, குழு சாப்பிடப்போகும் ஒவ்வொரு கடைக்கும் முன்கூட்டியே எழுதி, எந்தெந்தப் பண்டத்தில் இவை இருக்கின்றன என்று பெயர்வாரியாகக் கேட்டு வாங்குவது. அந்தப் பட்டியல் கைக்கு வராமல் புரட்டாசி விரதக்காரர்கள் முன்பணம் கட்ட வேண்டாம்.

பட்டியல் சரியாக வந்துவிட்டால் விரதக்காரர்களுக்கு இந்த ஊரைப் போல வாய்ப்பது அரிது. ஏனென்றால் பலேர்மோவின் ஏழைச் சாப்பாட்டில் பெரும்பகுதி காய்கறியும் பருப்பும்தான்.

பனெல்லேயில் தொடங்குங்கள். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், உப்பு, கொஞ்சம் பார்ஸ்லி இலை, அவ்வளவுதான். 500 கிராம் மாவுக்கு ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கேழ்வரகுக் களி கிண்டுவது போலக் கை விடாமல் கிண்டுகிறார்கள். சட்டியின் ஓரம் விட்டு வரும்போது இலையைப் போட்டு, சூட்டோடு மெல்லிய தகடாகத் தடவி, ஆறியதும் வெட்டிப் பொரிக்கிறார்கள். தடவுவதில் ஒரு நிமிடம் தாமதித்தால் மாவு இறுகிவிடும். கிண்டியது போதாவிட்டால் எண்ணெயில் பிரிந்துபோகும். எள் தூவிய பன்னுக்குள் நாலைந்து தகடு வைத்து எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்கள். முட்டையில்லை, பாலில்லை, கொழுப்பில்லை. கவனிக்க வேண்டியது எண்ணெய்ச் சட்டி ஒன்றைத்தான். பொரியல் கடைகளில் மீனும் பொரிப்பார்கள். சட்டி தனியா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். முன்பே பொரித்துக் குவித்து வைத்ததை வாங்காதீர்கள், ஆறினால் ரப்பர் மாதிரி இழுக்கும். உங்களுக்காகப் புதிதாகப் பொரிக்கும்வரை நிற்பதில் தவறே இல்லை, அங்கே எல்லோரும் அப்படித்தான் நிற்கிறார்கள். கூடவே விற்கும் நீள உருளைக்கிழங்குப் பொரியல், கசில்லி, பெரும்பாலும் புதினாவும் பார்ஸ்லியும் சேர்த்தது. முட்டை சேர்க்கும் கடைகளும் உண்டு என்பதால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்தது நம் சுரைக்காய். பலேர்மோச் சந்தையில் ஒரு கை நீளத்துக்கு வெளிர்பச்சையாகத் தொங்குவது சுரையின் நீள வகைதான். அதன் கொடித் தளிரையும் இலையையும் தெனெரூமி என்று கட்டுக் கட்டாக விற்பார்கள். தளிரை நறுக்கி, பூண்டு, தக்காளியோடு வேகவைத்து, அந்தச் சாற்றிலேயே ஸ்பகெத்தியைத் துண்டு துண்டாக உடைத்துப் போட்டு வேகவிடுவார்கள். கோடைச் சாப்பாடு, செப்டம்பர் கடைசியில் கடைசிக் கட்டுகள் கிடைக்கும், அக்டோபரில் தேடினால் ஏமாற்றம்தான். மேலே துருவிய பாலாடைக்கட்டி போடாமல் கேட்டு வாங்கினால் விரதத்துக்கு முழுப் பொருத்தம். தாளில் இந்தப் பண்டத்தின் பெயரே இல்லை. இரவுச் சாப்பாட்டுக் கடைகளில் ஒன்றிலாவது இதைச் சேர்க்கச் சொல்லுங்கள். காய்ந்த மொச்சை வகைப் பருப்பைக் குழைய வேகவைத்து, காட்டுச் சோம்புத் தழை போட்டு, ஆலிவ் எண்ணெய் ஊற்றிக் கொடுக்கும் மாக்குவையும் கேட்கலாம், ஆனால் அது குளிர்கால, வசந்தகாலப் பண்டம். எல்லாக் கடையிலும் இராது.

கத்தரிக்காயில் செய்யும் கப்பொனாத்தா தாளில் இருக்கிறது, சமையல் வகுப்பிலும் இருக்கிறது. நல்லது. ஒரு கிலோ கத்தரிக்கு ஒரு கட்டு செலரித் தண்டு, ஒரு கை பச்சை ஆலிவ், உப்பு கழுவிய கேப்பர் மொட்டு இரண்டு மேசைக்கரண்டி, தக்காளிச் சாறு, சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, வினிகர் கால் கப் என்பது ஏறக்குறைய அளவு. கத்தரியைக் குறைந்த சூட்டில் பொரித்தால் எண்ணெயை உறிஞ்சிச் சொதசொதவென்றாகிவிடும்; சூடான எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எடுக்க வேண்டும். வினிகர் ஊற்றிய பிறகு தீயைக் கூட்டி அதன் காரம் ஆவியாகும்வரை விடாவிட்டால் தொண்டையைப் பிடிக்கும். செய்த உடனே சாப்பிடுகிற பண்டமில்லை. பல மணி நேரம் ஊறி, ஆறின பிறகுதான் புளிப்பும் இனிப்பும் சேரும். காலை வகுப்பில் செய்து அப்போதே பரிமாறுவதாகத் தாளில் போட்டிருக்கிறார்கள். வகுப்பில் செய்ததை அன்று மாலை சாப்பிடக் கொடுக்கும்படி மாற்றச் சொல்லுங்கள்.

விரதக்காரர்கள் ஏமாறுவது ஸ்ஃபின்ச்சோனேயில். பஞ்சு போன்ற தடித்த ரொட்டி, மேலே வெங்காயம், தக்காளி, ரொட்டித்தூள், ஒரேகானோ. பார்த்தால் சுத்தச் சைவம் மாதிரி இருக்கும். வெங்காயத்தோடு நெத்திலியைக் கரைய வதக்கியிருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. கன்னோலி ஓட்டு மாவில் பன்றிக்கொழுப்பும் மார்சாலா ஒயினும் சேர்ப்பது பழைய முறை, பொரிப்பதும் பல இடங்களில் அந்தக் கொழுப்பிலேயே. ஓடு இல்லாமல் உள்ளே வைக்கும் ஆட்டுப்பால் ரிக்கோத்தாவை மட்டும் கிண்ணத்தில் கேட்டால் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. பன்றிக்கொழுப்பு உண்ணத் தடையில்லாதவர்கள், கேட்ட பிறகு ரிக்கோத்தாவை அடைத்துக் கொடுக்கும் கடையில்தான் கன்னோலி வாங்க வேண்டும்; கண்ணாடிப் பெட்டியில் அடைத்து வைத்தது ஈரம் ஏறி நமத்துப் போயிருக்கும். அராஞ்சினா என்கிற பெரிய சோற்று உருண்டையில் ‘அல் பூர்ரோ’ வகைக்குள் வேகவைத்த பன்றித்தொடை இருக்கும், ‘கார்னே’ வகைக்குள் மாட்டிறைச்சியோ பன்றியோ இரண்டுமோ இருக்கும். கீரை வைத்தது தனியாகக் கிடைக்கும்.

விரதம் இல்லாவிட்டாலும் மாட்டிறைச்சி தொடாதவர்கள் இந்த ஊர்த் தெருவில் கண்ணைத் திறந்துகொண்டு நடக்க வேண்டும். தள்ளுவண்டியில் ஆவி பறக்க விற்கும் மண்ணீரல் பன் கன்றின் மண்ணீரலும் நுரையீரலும் பன்றிக்கொழுப்பில் வதக்கியது. துணி மூடிய கூடையிலிருந்து கையை விட்டு எடுத்துக் கொடுக்கும் ஃப்ரித்தோலாவும் கன்றுதான். கரியில் சுடும் குடல், ஸ்திக்கியோலா, பெரும்பாலும் ஆட்டுக்குடல், கன்றுக்குடலும் உண்டு. மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை: மத்தி, காட்டுச் சோம்பு, உலர்திராட்சை, பைன் கொட்டை, குங்குமப்பூ சேர்ந்த பாஸ்தா ஒன்றுக்காகவே இந்த ஊருக்குப் போகலாம்.

ஒரு பயனுள்ள விஷயம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 14 ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய விவரத்தைச் சாப்பாட்டுக் கடைகள் கேட்டால் கொடுத்தாக வேண்டும். மீன், முட்டை, பால், எள், கொட்டை வகை அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே நெத்திலியையும் முட்டையையும் அந்த விவரத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். மாட்டிறைச்சியும் பன்றிக்கொழுப்பும் அதில் வராது, அவற்றை வாயைத் திறந்துதான் கேட்க வேண்டும். ‘சென்சா கார்னே, சென்சா பெஷ்ஷே, சென்சா ஸ்த்ரூத்தோ’ என்று ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்: இறைச்சி, மீன், பன்றிக்கொழுப்பு இல்லாமல். முட்டையும் கூடாதென்றால் கடைசியில் ‘சென்சா உவோவா’. கடைகளில் விற்கும் காய்ந்த பாஸ்தாவில் பொதுவாக முட்டை இல்லை, கையால் செய்த புதுப் பாஸ்தாவில் இருக்கலாம்.

இனி நேரம். தாளின் பெரிய கோளாறு இதுதான். இரவுச் சாப்பாடு தினமும் மாலை 6.30 என்று போட்டிருக்கிறார்கள். பலேர்மோவில் நல்ல சாப்பாட்டுக் கடையின் அடுப்பு அந்த நேரத்தில் மூட்டப்பட்டிருக்காது. எட்டு மணிக்கு மேல்தான் உள்ளூர்க்காரர்கள் உட்காருவார்கள். 6.30-க்குத் திறந்திருப்பது சுற்றுலாக் குழுக்களுக்கென்றே நடத்தும் கடைகள். அங்கே கிடைப்பது தக்காளி பாஸ்தாவும் வாடிய இலைத் தட்டும்தான். மதியச் சாப்பாடு 12 மணி என்பதும் முன்னதாகத்தான், ஒரு மணிக்கு நகர்த்த வேண்டும். மாலையில் பசிக்குமே என்று கவலைப்பட வேண்டாம்: ஐந்து, ஆறு மணிக்குத் தெருவில் பனெல்லே சாப்பிடுவதுதான் அந்த ஊர் வழக்கம்.

விடுதியில் காலைப் பசியாறல் சேர்த்திருப்பதையும் எடுத்துவிடச் சொல்லலாம். சிசிலிக்காரர் வெயில் காலத்தில் பசியாறுவது கிரானீத்தாவோடு. பாதாம், எலுமிச்சை, முசுக்கட்டைப் பழம் என்று வகை வகையாக, சர்க்கரையோடு மெல்ல உறையவைத்துச் சுரண்டிய பனிக்கூழ்; கூடவே கொண்டை வைத்த பிரியோஷ் ரொட்டி. பாதாம் கிரானீத்தாவில் பாலே இல்லை, பிரியோஷில் முட்டை உண்டு. காப்பியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் கூடுதல் விலை. பல கடைகளில் முதலில் காசாளரிடம் பணம் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு வர வேண்டும். சாப்பாட்டுக் கடைகளின் ரசீதில் ‘கொபெர்த்தோ’ என்று தலைக்கு ஒரு தொகை ஏறும். அது ஏமாற்று இல்லை, மேசைக் கட்டணம். உணவுப் பட்டியலில் எழுதியிருக்க வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்ட பண்டம் உறையவைத்த சரக்கிலிருந்து செய்தது.

சந்தைகளில் முகவர் சேர்த்திருப்பது வுச்சிரியா, அதுவும் காலை 10 மணிக்கு. வுச்சிரியா பழம் பெருமை வாய்ந்த சந்தைதான், ஆனால் இன்று அங்கே காலையில் கடைகள் கொஞ்சம்தான்; அது ராத்திரியில் கூட்டம் கூடும் இடமாகிவிட்டது. காலைக்கு உரியவை பல்லாரோவும் காப்போவும். பல்லாரோ மத்திய ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம், விலையும் குறைவு, வியாபாரிகள் கூவும் கூவலுக்கே போகலாம். காப்போ தெயாத்ரோ மாஸ்ஸிமோ அரங்குக்குப் பின்னால்; போர்த்தா கரீனி வாசல் வழியாக நுழைந்தால் நேராகச் சந்தைக்குள் விடும். இரண்டுக்கும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் போக வேண்டும். ஞாயிறு மதியத்தோடு வியாபாரம் ஓய்ந்துவிடும், திங்களன்று மீன் குறைவு. ஆகவே சமையல் வகுப்பைச் செவ்வாய்க்கும் சனிக்கும் இடையில் ஒரு நாளில் வைத்து, அதே காலையில் காப்போவில் காய்கறி வாங்கச் செய்வதே சரியான ஒழுங்கு. வந்து இறங்கிய மறுநாள் காலையே வகுப்பு என்று தாளில் இருப்பது யாருக்கும் உதவாது. மலேசியாவுக்கும் இத்தாலிக்கும் அந்த மாதத்தில் 6 மணி நேர வித்தியாசம். பாதிப் பேர் வாணலிக்கு முன்னால் தூங்கி வழிவார்கள்.

விடுதி மொந்தெல்லோ கடற்கரையில். அழகான இடம், சாப்பாட்டுச் சுற்றுலாவுக்குத் தவறான இடம். பழைய நகருக்குள், கால்வழித் தெருவாகிவிட்ட வியா மக்கேதாவை ஒட்டி எடுக்கச் சொல்லுங்கள். நாலு தெரு நடந்தால் சந்தை, ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பேருந்துக்கு நிற்க வேண்டியதில்லை. வயதானவர்கள் இருந்தால் மின்தூக்கி உண்டா என்று கேளுங்கள். பழைய கட்டடங்களில் இல்லாமல் இருப்பது சாதாரணம்.

வெளியூர்ப் பயணங்களில் மொன்ரெயாலே இருக்கட்டும், பக்கத்திலேயே இருக்கிறது; அதன் தேவாலயமும் 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய அரபு–நார்மன் கட்டடங்களில் ஒன்று. கடலோர ஊரான செஃபலூவும் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். தவோர்மீனாவை வெட்டிவிடுங்கள். அது தீவின் கிழக்குக் கரை. போக மூன்று மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. ஒரு முழு நாள் பேருந்துக்குள் போய்விடும்.

தாளில் இரண்டு இரவு ‘இந்தியச் சாப்பாடு’ சேர்த்திருப்பதைப் பலர் பாராட்டக்கூடும். ஆறே இரவில் இரண்டை இப்படிச் செலவழிப்பது எங்களுக்குச் சம்மதமில்லை. ரசம் சோறு இல்லாமல் முடியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பலேர்மோவில் ஈழத் தமிழர் பல ஆண்டுகளாக வாழ்கிறார்கள். மொந்தே பெல்லெக்ரினோ மலையில் இருக்கும், பலேர்மோவின் காவல் புனிதரான சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு அவர்களில் கிறிஸ்தவர் மட்டுமல்ல, இந்துக்களும் ஏறிப்போய்க் கும்பிடுகிறார்கள். அந்த மலைக் கோயில் தாளில் இல்லை. இந்தியச் சாப்பாட்டில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த அரை நாளைச் சேர்க்கலாம்.

மூட்டை கட்டும்போது: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நெய், பால்பொருள், இறைச்சி ஆகியவற்றைப் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்கு நலச் சான்றிதழ் வேண்டும், அதை வாங்கிக்கொண்டு யாரும் போகப்போவதில்லை, வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ரசப்பொடி, மாங்காய் ஊறுகாய் கொண்டுபோகலாம், ஊறுகாயைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வையுங்கள். நம் வீட்டு மூன்று முனைச் செருகி அங்கே நுழையாது, உருண்டை முனை மாற்றி வேண்டும்.

இப்போது அந்த விமானச் சீட்டு ஓட்டை. கோலாலம்பூரிலிருந்து பலேர்மோவுக்கு நேரடி விமானம் கிடையாது. வளைகுடா நகர் ஒன்றில் மாறி ரோம் வரை ஒரு சீட்டு, ரோமிலிருந்து பலேர்மோவுக்கு மலிவு விமானத்தில் தனிச் சீட்டு என்று போட்டிருக்கிறார்கள். இடையில் இரண்டு மணி நேரம். இது ஆபத்து. தனிச் சீட்டு என்றால் ரோமில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது, சீட்டு போனது போனதுதான். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குள் நுழையும் குடிநுழைவுச் சோதனையும் ரோமில்தான். மலேசியக் கடப்பிதழுக்கு 180 நாளில் 90 நாள்வரை விசா வேண்டியதில்லை என்றாலும், 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பா படிப்படியாகக் கொண்டுவந்த புதிய பதிவு முறையில் முதல் முறை நுழைகிறவர்களின் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள், வரிசை நீளும். கடையில் இப்படியே கேளுங்கள்: “அண்ணே, பலேர்மோ வரைக்கும் ஒரே பி.என்.ஆர்-ல போட முடியுமா? முடியலன்னா ரோம்ல குறைஞ்சது நாலு மணி நேரம் விடுங்க.” ஒரே பி.என்.ஆர், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் வரும் சீட்டு விலை கூடத்தான் செய்யும், அந்தக் கூடுதல் வெள்ளியைக் கொடுத்துவிடுவது நல்லது.

விலையை இங்கே எழுதவில்லை. விமானக் கட்டணமும் யூரோவும் மாறிக்கொண்டே இருப்பதால் கடையில் கேட்ட அன்றைய விலைதான் விலை. அதில் எத்தனை வேளைச் சாப்பாடு, சுற்றுலா வரி, விமான நிலையப் போக்குவரத்து, காப்புறுதி எல்லாம் அடங்குமா என்று பாருங்கள். பலேர்மோ விமான நிலையம் நகரிலிருந்து 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ரயிலும் பேருந்தும் உண்டு, ஆனால் பெட்டிகளோடு வரும் குழுவுக்கு வேன் சேர்ந்திருப்பது நல்லது. இங்கே இந்த முகவர் நன்றாகவே செய்திருக்கிறார்: சுங்கை சிப்புட்டிலிருந்து கே.எல்.ஐ.ஏ விமான நிலையத்துக்குப் போக வர வேன் விலைக்குள்ளேயே அடக்கம்.

முன்பணம் கட்டுமுன் மோத்தாக் (மலேசியச் சுற்றுலா அமைச்சு) உரிமத்தைப் பார்க்கக் கேளுங்கள். அது வெளிநாட்டுச் சுற்றுலா நடத்தும் வகை உரிமமாக இருக்க வேண்டும், சீட்டு விற்கும் உரிமம் மட்டும் போதாது. 10 பேர் சேராவிட்டால் பயணம் ரத்து என்று தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது. ரத்தானால் எத்தனை நாளுக்குள் எவ்வளவு திரும்ப வரும் என்பது இல்லை. அதையும், மாற்றச் சொன்ன சாப்பாட்டு நேரங்களையும், விடுதியின் தெருப் பெயரையும் ரசீதிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.